கூழ் குடித்துவிட்டுக் கொலனோஸ்கோப்பிக்குப் போனேன்

என் பெருங்குடலின் கலர்ப் படம் ஒன்று பீரோவில் இருக்கிறது. கல்யாண ஆல்பத்தைக்கூட இத்தனை பேர் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை. வழவழவென்று இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய குடல் சுவர் முழுக்கப் பழுப்பு நிறச் சேறு. அதன் நடுவில் ஒட்டிக்கொண்டு மூன்று முருங்கை இலைகள், இப்போதுதான் உருவிப் போட்டதுபோல. மயக்கம் தெளிந்து நான் எழுந்து உட்கார்ந்ததும் டாக்டரம்மா அந்தப் படத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க எந்த சப்ஜெக்ட் டீச்சர்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

"பயாலஜி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தமிழ் டீச்சர் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம், அந்த நேரத்தில் தோன்றவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்குப் பதினோரு வருடமாகப் பெருங்குடல் அழற்சி. இதைச் சொன்னதுமே, "கேஸா இருக்கும், ஓமத் தண்ணி குடிங்க" என்று வைத்தியம் சொல்லக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கேஸும் இல்லை, சூடும் இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள், எதிரியே இல்லாத இடத்தில் எதிரி இருப்பதாக நினைத்துக்கொண்டு என் குடலின் உள்தோலையே புண்ணாக்குகின்றன. மாத்திரை போட்டால் அடங்கும். மாதக்கணக்கில் அப்படி ஒரு நோய் இருப்பதே மறந்துபோகும். பிறகு ஒரு நாள் காலையில் மலத்தில் ரத்தம் தெரியும்.

போன வருடம் ஆனி மாதத்தில் அப்படித் தெரிந்தது. அதற்கு முந்தைய பரிசோதனையிலேயே குடலின் இடது பக்கத்தில் ஓர் இடம் டாக்டரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "அடுத்த தடவை அந்த எடத்தை நல்லா பாக்கணும்" என்று எழுதி வைத்திருந்தார். இந்த நோய் பத்து வருடத்தைத் தாண்டினால் புற்றுநோய் வருகிறதா என்று கேமரா விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இடம் கெட்டுப்போயிருந்தால் பெருங்குடலையே எடுத்துவிட்டு, வயிற்றின் பக்கவாட்டில் மலம் சேர ஒரு பையை மாட்டிவிடுவார்கள். நாற்பத்தேழு வயதில் பையை மாட்டிக்கொண்டு வகுப்பில் நின்று பாடம் நடத்துவதை நினைத்துப் பார்த்தேன். பயந்தேன். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் நன்றாகவே பயந்தேன். ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை நேரம் குறித்துக் கொடுத்தார்கள்.

இனி என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வைத்திக்குப்பத்தில் வீடு, மீன் வியாபாரம். விடிந்ததும் கரையில் ஏலம் எடுத்து, ஷேர் ஆட்டோ பிடித்து, ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பக்கத்துத் தெருக்களில் விற்றுவிட்டு, கூடை காலியானதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். என் கணவர் படகு எஞ்சின் மெக்கானிக், அந்த நேரத்தில் இருக்க மாட்டார். நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். சாவி அண்ணியிடம் ஒன்று இருக்கிறது. மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுப்பார், காபி போட்டுக் குடிப்பார், பிறகு வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். நான் சாயங்காலம் வந்து பார்த்தால் உப்பு ஜாடி ஒரு பக்கம், புளி ஜாடி ஒரு பக்கம் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். பத்தொன்பது வருடமாக இதற்குச் சண்டை போடுகிறேன். ஜாடிகள் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன.

பரிசோதனைக்குத் தேதி கொடுத்த அன்று நான் சீக்கிரம் வந்துவிட்டேன். அண்ணி தரையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"புண்ணு வேற, புத்து வேறன்னு சொல்றாங்க. புண்ணு எப்பிடிம்மா புத்தாவும்?" என்றார்.

யாராவது இப்படிக் கேட்டால் எனக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. பையைக்கூடக் கழற்றி வைக்காமல் ஆரம்பித்தேன். குடலின் உள்தோல் நாலைந்து நாளைக்கு ஒரு முறை புதிதாக முளைக்கிறது. பழைய செல் உதிர்ந்து, புது செல் வருகிறது. எங்காவது புண் ஏற்பட்டால் அங்கே ஓடிவருகிற வெள்ளணுக்கள் சில புரதங்களை வெளியே விடும். அவைதான் சேதி. குடல் செல்லின் வெளித்தோலில் அந்தச் சேதியை வாங்க ஒரு வாங்கி இருக்கிறது. சேதி அதில் வந்து உட்கார்ந்ததும் உள்ளே ஒரு புரதம் அடுத்ததைத் தட்டி எழுப்பும், அது அதற்கடுத்ததை. இப்படியே கைமாறிக் கைமாறி நியூக்ளியஸுக்குள் போய்ச் சேரும். சேதி இவ்வளவுதான்: பெருகு, சாகாதே, புண்ணை மூடு. புண் மூடியதும் சேதி நிற்க வேண்டும். என் குடலில் அது நிற்பதில்லை. புண்ணும் ஆறுவதில்லை, செல்களும் ஓயாமல் பெருகுகின்றன. அவசர அவசரமாகப் பெருகும்போது மரபணுவை நகலெடுப்பதில் தப்பு விழும். அழற்சியில் உண்டாகிற நச்சு வேறு மரபணுவை அரிக்கும். அப்படிக் கெட்டுப்போன செல் சாக வேண்டும். ஆனால் சாகாதே என்று சேதி வந்துகொண்டே இருக்கிறதே, அது எங்கே சாகும்?

அண்ணி காபி டம்ளரைக் கீழே வைத்தார். "ஏலக்காரன் மீனு தீந்த பெறகும் கூவிக்கினே இருந்தா எப்பிடி இருக்கும்? அந்தக் கத."

"அதேதான் அண்ணி!"

"கூட்டம் கலையாது. இன்னும் வாங்க வந்துக்கினே இருக்கும். மீனும் இருக்காது, தள்ளுமுள்ளுதான். அதுல ரெண்டு ரவுடி நொழஞ்சிட்டான்னா அவன் வெச்சதுதான் சட்டம்."

பன்னிரண்டாம் வகுப்புக்கு அதை நான் நடத்த மூன்று பீரியட் ஆகிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"மாத்திரை இன்னா பண்ணும்?" என்று கேட்டார் அடுத்து.

"கூவறவன் வாயை அடைக்கும்" என்றேன்.

"ஓஹோ" என்றார். அப்புறம் வேறு பேச்சுப் பேசுவதுபோல, "ஆடி ஞாயித்துக்கெழம கூழ் ஊத்தறேன். உம்பேர்ல ஒரு வேண்டுதல் இருக்குது. நீ வந்தே ஆவணும்" என்றார்.

"என்ன வேண்டுதல்?"

"அத வெளிய சொல்லக் கூடாது."

இதில் சொல்ல என்ன இருக்கிறது, என் வயிற்றுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன். எந்த ஞாயிறு என்று நான் கேட்கவில்லை, எந்தத் திங்கள் என்று அவரும் கேட்கவில்லை. அம்மன் குறித்த ஞாயிறும் ஆஸ்பத்திரி குறித்த திங்களும் அடுத்தடுத்து வந்தன.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் தெளிவாகவே இருந்தது. மூன்று நாள் முன்பிருந்து கீரை கூடாது, கேழ்வரகு கூடாது, விதை உள்ள எதுவும் கூடாது. முந்தைய நாள் இளநீர், சர்க்கரைத் தண்ணீர், பால் சேர்க்காத டீ மட்டும். அந்தத் தாளைப் படித்து என் கணவருக்கு விளக்கியதே நான்தான்.

ஆனால் குப்பத்து வழக்கம் ஒன்று இருக்கிறது. யார் பெயரில் வேண்டிக்கொண்டார்களோ அவர் முதல் சொம்பைக் குடிக்காமல் அண்டாவிலிருந்து தெருவுக்கு ஒரு கரண்டிகூட ஊற்ற மாட்டார்கள். ஞாயிறு காலை பதினோரு மணி. கோயில் வாசலில் வேப்பிலை கட்டிய அண்டா. வெயிலில் நூறு பேர் சொம்பும் தூக்கும் வைத்துக்கொண்டு வரிசையில். மஞ்சள் புடவையில் அண்ணி. அத்தனை பேரும் என் வாயைப் பார்க்கிறார்கள். நான் தாளை நினைத்தேன். கூழ் குடிப்பதுதானே, மெல்வதில்லையே என்றும் நினைத்தேன். சாயங்காலம் பேதி மருந்து குடிக்கத்தான் போகிறோம், அது எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்றும் நினைத்தேன். குடித்தேன். முதல் சொம்போடு நிறுத்தியிருந்தால்கூட மன்னிக்கலாம். கேழ்வரகும் நொய்யும் சேர்ந்து புளித்த கூழ், பக்கத்தில் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம். இரண்டு நாளாகப் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டவள் நான். இரண்டாவது சொம்பை நானே கேட்டு வாங்கினேன். கீரையையும்தான்.

மறுநாள் காலை நர்ஸ், "நேத்து ஏதாவது சாப்டீங்களா?" என்று கேட்டார். "ஒண்ணும் சாப்பிடல" என்றேன். அப்புறம்தான் மூன்று முருங்கை இலைகள்.

கேமரா பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவே முடியவில்லை. டாக்டரம்மாவுக்கு அடுத்து நேரம் கிடைத்தது இரண்டு வாரம் கழித்து. என் கணவர் ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கீர நல்ல எளங்கீரதான்" என்றார். அந்த மனுஷன் வாயைத் திறப்பதே அபூர்வம், திறந்தால் இப்படி.

அண்ணி சிரிக்கவில்லை. விஷயம் கேட்டதும் முகம் செத்துப்போயிற்று. "என்னாலதான் போச்சி. ரெண்டு வாரம் போச்சி" என்றார். மறுநாள் மீன் விற்க வந்தவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. உப்பு ஜாடி நான் வைத்த இடத்திலேயே இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

இரண்டாவது முறை மருந்து குடிக்க வேண்டிய ஞாயிறன்று வந்துவிட்டார். வாசலிலேயே எல்லாரையும் மிரட்டினார். "இன்னிக்கி இவளுக்கு ஒரு பருக்க குடுத்தீங்கன்னா பாத்துக்கோங்க." கொடுப்பதற்கு வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. மருந்துப் பொடியைத் தண்ணீரில் கலக்கி வைத்தேன். மோந்து பார்த்தார். "கடத்தண்ணியில எலுமிச்சம்பழம் புழிஞ்சா மாதிரி இருக்குது. இதையா முழுசா குடிக்கற?"

"ரெண்டு லிட்டர்."

"என்னாலதான ரெண்டாந்தடவ குடிக்கற. நானும் குடிக்கறேன்."

வேண்டாம் அண்ணி, வேண்டாம் அண்ணி என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே, என் கணவர் எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாக வாங்கி வைத்திருந்த பாக்கெட்டைப் பிரித்துக் கலக்கி இரண்டு டம்ளர் மடமடவென்று இறக்கிவிட்டார். எங்கள் வீட்டில் கக்கூஸ் ஒன்றுதான். அன்று சாயங்காலம் நடந்ததை விவரிப்பது என் கௌரவத்துக்கு நல்லதில்லை. "சீக்கிரம் வாம்மா", "இருங்க அண்ணி", "ஐயோ, வெளிய வாயேன்டி" என்று ஒரே கூப்பாடு. வேலை முடிந்து வந்த என் கணவர் செய்த ஒரே உதவி, மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பியது. கடைசியில் இரண்டு பேரும் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரிக்கவும் பயமாகத்தான் இருந்தது, எந்த நேரத்தில் எழுந்து ஓட வேண்டியிருக்குமோ என்று. பிறகு இதைக் கேட்ட டாக்டரம்மா சிரிக்கவே இல்லை. வேறொருவருக்கு எழுதிய மருந்தை இந்த வயதில் குடித்தால் உடம்பின் உப்பு இறங்கி மயங்கி விழுந்திருப்பார் என்று எங்கள் இருவரையும் நிற்க வைத்துத் திட்டினார்.

இந்த முறை குடல் கண்ணாடி மாதிரி இருந்ததாம். நீல நிறச் சாயத்தைத் தெளித்துப் பார்த்ததில், டாக்டரம்மாவுக்குப் பிடிக்காத அந்த இடத்தில் தட்டையாக ஒரு திட்டு தெரிந்திருக்கிறது. அதைச் சுற்றி வெட்டி எடுத்து லேபுக்கு அனுப்பியிருந்தார். அது புற்றா இல்லையா என்று தெரியப் பத்து நாள் ஆகும். பிறகு அவர் என்னிடம், "குடல் முழுக்க அழற்சி இன்னும் அடங்கல. மாத்திரை விடாம போட்டும் இப்படின்னா, ஊசி மருந்துக்கு மாறணும். கடுமையான மருந்து, எதிர்ப்புச் சக்தியைக் கொறைக்கும். மாத்திரை விடாம போடறீங்கதான?" என்றார்.

"போடறேன் டாக்டர்" என்றேன். அண்ணி பக்கத்தில்தான் நின்றார்.

அது பச்சைப் பொய். பொங்கல் முடிந்ததிலிருந்து ஆனி மாதம் வரை ஒரு மாத்திரைகூட நான் போடவில்லை. வயிறு நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிற வயிற்றுக்கு எதற்கு மாத்திரை என்று தோன்றியது. ரத்தம் தெரிந்த அன்றுதான் பயந்துபோய் மறுபடி ஆரம்பித்தேன். வெளியே ஒரு வலியும் இல்லாமல் உள்ளே அழற்சி புகைந்துகொண்டிருக்கும் என்று பாடம் நடத்துகிறவள் நான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தப் பத்து நாளும் அண்ணி தினமும் வந்தார். ஜாடிகளைத் தொடவில்லை. "அது புத்தா இருந்துச்சின்னா நான் ஊத்துன கூழுதான் காரணம். ரெண்டு வாரத்துல பெருத்திருக்கும்" என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரெண்டு வாரத்தில் அப்படியெல்லாம் பெருக்காது என்று விளக்கினேன். ஆறு மாதக் கதையைச் சொல்லவில்லை. பழியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு அவர் அழுததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது.

ரிசல்ட் வந்தது. புற்று இல்லை. செல்கள் மாற ஆரம்பித்திருந்தன, அவ்வளவுதான். திட்டு முழுதாக வெளியே வந்துவிட்டது, ஓரங்கள் சுத்தம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டாக்டரம்மா அடுத்ததாக ஊசி மருந்துக்குத் தாளை எடுத்ததும் நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணி வெளியே பெஞ்சில் இருந்தார். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். அந்தத் திட்டு இந்த ஆறு மாதத்தில் வந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் அழற்சியைச் சும்மா விட்டது அதற்குத் தீனி போட்டதுதான் என்றார். "மாத்திரையையே ஒழுங்கா போடுங்க. மூணு மாசம் பாப்போம். என்கிட்ட பொய் சொன்னா நான் தப்பான மருந்துதான் குடுப்பேன் டீச்சர்." என் மாணவர்களிடம் நான் பேசுகிற அதே குரல்.

அண்ணியிடம் முதலில் நல்ல சேதியை மட்டும் சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே என்னைக் கட்டிப்பிடித்து, "ஆத்தா காப்பாத்திட்டா, எம் மேல பழி விழாம காப்பாத்திட்டா" என்று உரக்க அழுதார். நேரே வைத்திக்குப்பத்துக்குக் கூட்டிப்போய், எனக்காகச் சங்கரா மீன் வாங்கி, வாசலில் உட்கார்ந்து செதில் தேய்க்க ஆரம்பித்தார். எதிரில் உட்கார்ந்தேன். இனிமேலும் சொல்லாவிட்டால் அந்த மீன் என் தொண்டையில் இறங்காது என்று தெரிந்தது.

"அண்ணி, கூழால ஒண்ணும் ஆகல. நான்தான் ஆறு மாசமா மாத்திரை போடல."

"தெரியும்" என்றார். செதில் தேய்க்கிற கை நிற்கவில்லை.

"என்ன தெரியும்?"

"பிரிட்ஜ் மேல பொட்டி பிரிக்காமலே கெடந்துச்சி. மேல தூசு படிஞ்சி கெடந்துச்சி. மாசாமாசம் பாத்துக்கினுதான் இருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பார்த்துட்டு ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?"

"உங்கிட்டயா?" நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீ டீச்சரு. நான் ஒரு வார்த்த கேட்டா நீ ஒம்போது வார்த்த சொல்லுவ. உங்களுக்கு இன்னா தெரியும்னு ஒரு பார்வ பாப்ப. உங்கிட்ட வாயத் தொறக்கவே பயமா இருக்கும். அதான் அவகிட்ட போனேன். இவள மாத்திரை போட வையி தாயீ, ஆடியில கூழ் ஊத்தறேன்னு வேண்டிக்கினேன். ஆனியில ஒரு நாளு பொட்டி பிரிச்சி இருந்துச்சி. பலிச்சிடுச்சின்னு ஊத்துனேன்."

கேள்வி கேளுங்கள், பயப்படாமல் கேளுங்கள் என்று இருபது வருடமாக வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறேன். என் வீட்டிலேயே ஒருவர் என்னிடம் கேட்கப் பயந்து, அம்மனிடம் போய் முறையிட்டிருக்கிறார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறைக்கவில்லை.

"அய்ய, அழுவாத. கொழம்புக்கு உப்பு நான் போட்டுக்கறேன்" என்றார் அண்ணி.

"இனிமே எங்கிட்டயே கேளுங்க அண்ணி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நம்பிக்கையில்லாமல் என்னைப் பார்த்தார். பிறகு மீனைத் தண்ணீரில் அலசிக்கொண்டே, "காலையில மாத்திரை போட்டியா?" என்றார்.

"போட்டேன்."

"நாளைக்கும் கேப்பேன்" என்றார்.